சாமியார் இல்லாத மூன்று வருடம்

இங்கிலாந்துக்குப் போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தேன் என்றதும், அங்கே என்ன பார்த்தாய் என்று எல்லாரும் கேட்டார்கள். ஒரு பலகை பார்த்தேன் என்று சொன்னால் சிரித்தார்கள். உண்மையிலேயே நான் உருப்படியாகப் பார்த்தது அது ஒன்றுதான். என் தங்கை அங்கே ஒரு பழைய ஊரில் நர்ஸாக இருக்கிறாள். காலையில் அவள் வேலைக்குப் போய்விடுவாள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடும், வெளியே மழை நசநசவென்று தூறிக்கொண்டே இருக்கும். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவள் நான். எத்தனை நாள்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது? நடக்கிற தூரத்தில் பெரிய கதீட்ரல் ஒன்று இருந்தது. உள்ளே ஹீட்டரும் இருந்தது. தினமும் அங்கே போக ஆரம்பித்தேன்.

அங்கே ஒரு சுவரில், ஆள் உயரத்துக்கும் மேலே, மரப்பலகை ஒன்றை மாட்டியிருந்தார்கள். அந்த மறைமாவட்டத்தை ஆண்ட ஆயர்கள், அதாவது பிஷப்புகள், அத்தனை பேரின் பெயரும் ஆதியிலிருந்து வரிசையாக அதில் எழுதியிருந்தது. நம்மூரில் சோழர்கள் கோயில் கட்டிக்கொண்டிருந்த காலத்துக்கும் முன்னாலிருந்தே வரிசை தொடங்குகிறது. நோட்டு ஒன்றை வாங்கி முழுவதையும் எழுதிக்கொண்டேன். வருகிறவர்களுக்கு வழி காட்டவென்று அங்கே தொண்டாக உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்கு என்னைப் பார்த்தாலே உற்சாகம். என்னை விட்டால் அவர் பேச்சைக் கேட்க அங்கே ஆளே இல்லை.

அவர் சொல்லித்தான் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் இருந்த கூத்தெல்லாம் தெரிந்தது. ஓர் ஆயர் ராஜாவுக்கு மந்திரியாக இருந்தாராம், தன் மறைமாவட்டத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவே அவருக்கு நேரமில்லையாம். இன்னொருவரை மடத்துத் துறவிகள் கூடித் தேர்ந்தெடுத்தால், ராஜா முடியாது என்று சொல்லித் தன் ஆளைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார். ஒருவர் பாப்பரசரின் ஒப்புதல் வாங்க ரோமாபுரிக்குக் கிளம்பி, போகிற வழியிலேயே காய்ச்சல் கண்டு செத்துப்போயிருக்கிறார். வேறொருவர் வந்த நாளிலிருந்து, இதைவிட வசதியான மறைமாவட்டம் எப்போது காலியாகும் என்று பார்த்துக்கொண்டே இருந்து, டிரான்ஸ்பர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கல்வித் துறையிலேயே காலத்தை ஓட்டியவளுக்கு இதெல்லாம் புதுசா? எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அந்தப் பெயர்களுக்கு நடுவே அங்கங்கே ஆள் பெயரே இல்லாத வரிகளும் இருந்தன. வருடத்தை மட்டும் போட்டு, இருக்கை காலி என்று எழுதியிருந்தார்கள். ஒரு ராஜா வேண்டுமென்றே ஆயரை நியமிக்காமல் வருடக்கணக்கில் இழுத்தடித்தாராம். இதைப் போய்ச் சுவரில் எழுதி வைக்க உங்களுக்குக் கூச்சமாக இல்லையா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. காலியாக இருந்தது, அதனால் காலி என்று எழுதியிருக்கிறோம், இல்லாவிட்டால் முன்னால் இருந்தவர் செத்த பிறகும் ஆண்டமாதிரி ஆகிவிடுமே என்றார். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அன்றைக்கே வீட்டுக்காரருக்கு போன் போட்டுச் சொன்னேன். அவர் லோயர் கேம்ப் பவர் ஹவுஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், எதையும் ஷிப்ட் கணக்கில்தான் பார்ப்பார். ரிலீவர் வராமல் மெஷினை விட்டு எழுந்து போனால் எங்களுக்கு மெமோ கொடுத்துவிடுவார்கள், அங்கே எப்படி விட்டார்கள் என்று கேட்டார்.

ஊருக்குத் திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமையே எனக்கு வேலை வந்துவிட்டது. எங்கள் ஊர் கம்பம் பள்ளத்தாக்கில், கோம்பைக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன கத்தோலிக்கக் கிராமம். இந்த வருடத் திருவிழாவுக்குள் கோயில் சுவரில், நாங்கள் சாமியார் என்கிற பங்குத்தந்தையரின் வரிசையைக் கல்வெட்டாகப் பதிக்க வேண்டும் என்று இப்போதுள்ள சாமியாருக்கு ஆசை. இங்கிலாந்துப் பலகையைப் பற்றி நான் அளந்த அளப்பு அவர் காதுக்குப் போயிருக்கிறது. டீச்சரே எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கட்டாகத் தூக்கி என் கையில் வைத்துவிட்டார்.

எந்தச் சாமியார் எப்போது வந்தார், எப்போது போனார் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் வருடம் வராது. புல்லட் சாமியார் வந்தாக, அவுகளுக்குப் பெறகு கோம்பை நாய் வளத்த சாமியார், அதுக்கும் பெறகு பிரசங்கத்த முடிக்கத் தெரியாத சாமியார் என்றுதான் சொல்வார்கள். ஆகவே நான் பதிவேட்டைத்தான் நம்பினேன். ஞானஸ்நானம் கொடுத்தவர் ஒவ்வொரு பதிவின் கீழும் கையெழுத்துப் போட்டிருப்பார். ஒரு கையெழுத்து நின்று அடுத்தது தொடங்குகிற இடத்தில் ஆள் மாறியிருக்கிறார் என்று அர்த்தம். ஒரு வாரம் சோறு தண்ணி மறந்து அதிலேயே கிடந்தேன். கோம்பை நாய் சாமியாரின் கையெழுத்து மணிமணியாக இருந்தது. புல்லட் சாமியார் கையெழுத்தும் வண்டி ஓட்டின மாதிரிதான்.

அந்தச் சமயத்தில்தான் உபதேசியாரின் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தார். எழுபது தாண்டியவர், நான் அக்கா என்று கூப்பிடுவேன். உபதேசியார் என்றால் சாமியாருக்கு உதவியாக ஜெபம் சொல்லி, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துகிற ஊர்க்காரர். அக்காவின் அப்பா ஆயுசுக்கும் அந்த வேலைதான் பார்த்தார். அக்கா தான் கொண்டுவந்த முருங்கைக்கீரையைக் கீழே வைத்துவிட்டு, நேரே விஷயத்துக்கு வந்தார்.

“ஏத்தா, அந்தக் கல்லுல எங்கய்யா பேரு வருமா? அவுகளும் மூணு வருசம் தனியாளா கோயில் காரியம் பாத்தாகளே.”

பார்த்தது எனக்கும் தெரியும். பதிவேட்டில் மூன்று வருடத்துக்குச் சாமியார் கையெழுத்தே கிடையாது. ஒரு கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு மட்டும் உள்ளே சேர்த்துத் தைத்திருக்கிறது. அது முழுக்க உபதேசியாரின் கையெழுத்து, எல்லாம் ஆபத்து ஞானஸ்நானம், சாகக் கிடக்கிற பிள்ளைகளுக்கு அவசரத்துக்குக் கொடுப்பது. அதில் என் பெயரும் இருக்கிறது. பிறந்த சில நாளில் எனக்குக் காய்ச்சல் கண்டு பிழைக்கமாட்டேன் என்று ஆகி, உபதேசியார் வீட்டுக்கே வந்து தலையில் தண்ணீர் ஊற்றினார். அப்போ ஊரில் சாமியார் இல்லை என்று அம்மா சொல்லியிருக்கிறார். ஏன் இல்லை என்று நான் கேட்டதில்லை. வரலாற்று டீச்சர் என்று பெயர், ஆனால் சொந்தக் கதையைத் துருவவில்லை. இங்கிலாந்துக்காரர்களே காலி என்று எழுதுகிறார்கள், நாம் உபதேசியார் பெயரோடு எழுதுவோம், உங்கள் அய்யா பெயர் கண்டிப்பாக வரும் என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்தேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

கோயில் கமிட்டியில் என் பட்டியலை வாசித்தேன். அந்த வரி வந்ததும் எல்லாரும் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தார்கள். கமிட்டித் தலைவர் எங்களுக்கு எதிர்த் தெருக்காரர், எனக்கு மாமா முறை. அங்கன என்னத்துக்குக் காலியா விடணும், முன்னாடி இருந்த சாமியாருக்கு ஒண்ணரை வருசம், பின்னாடி வந்தவுகளுக்கு ஒண்ணரை வருசம் சேத்துப் போட்ரு, செத்தவுக வந்து கேக்கவா போறாக என்றார். எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறிவிட்டது. கல்லில் பொய் வெட்டச் சொல்கிறீர்களா என்று ஆரம்பித்து, ரோமாபுரி வழியில் செத்த ஆயர் வரைக்கும் அரை மணி நேரம் பிடிபிடியென்று பிடித்தேன். உங்களுக்கெல்லாம் முதுகெலும்பே இல்லை என்றும் சொல்லிவிட்டேன். ஒருத்தர்கூடப் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம் என்று சாமியார் எல்லாரையும் அனுப்பி வைத்தார்.

இரண்டு நாளில் அக்கா மறுபடியும் வந்தார். இந்தத் தடவை வாசலிலேயே நின்றுகொண்டார்.

“விட்ருத்தா. எங்கய்யாவுக்குப் பேரெல்லாம் வேணாம். நான் ஏதோ ஆசையில கேட்டுட்டேன்.”

ஏன், யார் மிரட்டினார்கள் என்று கேட்டதற்கு, யாரும் மிரட்டவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு மடமடவென்று போய்விட்டார். இது அந்த மாமாவின் வேலைதான் என்று முடிவுகட்டி, செருப்பை மாட்டிக்கொண்டு நேரே அவருடைய திராட்சைத் தோட்டத்துக்குப் போனேன். பந்தலுக்குக் கீழே மருந்து அடிக்கிற மெஷினைக் கழற்றிப் போட்டுச் சரி பார்த்துக்கொண்டிருந்தார். வயதான பொம்பளையை மிரட்டுவதெல்லாம் ஒரு ஆம்பளைத்தனமா என்று கேட்டுவிட்டேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கோயிலப் பூட்டுனது உங்கய்யாதான். ஊருக்கே தெரியும், ஒனக்கு மட்டுந்தான் தெரியாது. நீ சின்னப் பிள்ளையில சொல்லல. பெறகு டீச்சராயிட்ட, எவன் ஒங்கிட்ட வந்து சொல்லுவான்?”

அப்புறம் முழுதும் சொன்னார். திருவிழாச் சப்பரம் எப்போதும் எங்கள் தெருவுக்குத்தான் முதலில் வரும். புதுசாக வந்த சாமியார், ஒரு வருடம் அந்தத் தெரு, மறு வருடம் இந்தத் தெரு என்று மாற்றப் பார்த்தார். எங்கள் தெருவுக்கு நாட்டாமை என் அப்பா. அவர் கோயிலை இழுத்துப் பூட்டிச் சாவியை மடியில் முடிந்துகொண்டார். ஆயர் சாமியாரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டு, நீங்களாகத் திறக்கிற வரை வேறு ஆளை அனுப்பமாட்டேன் என்றுவிட்டார். ஒரு பக்கம் அப்பாவுக்குப் பிடிவாதம், இன்னொரு பக்கம் ஆயருக்குப் பிடிவாதம், மூன்று வருடம் ஓடிவிட்டது. எதிர்த் தெருக்காரரான உபதேசியார்தான் பள்ளிக்கூட வராந்தாவில் நின்று இரண்டு தெருவுக்கும் ஜெபம் சொன்னார். கடைசியில் ஒருநாள் அவர்தான் சாவியோடு வந்து கோயிலைத் திறந்தாராம், சாவி அவர் கைக்கு எப்படி வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாதாம். காலி என்று கல்லில் எழுதினால் ஏன் காலி என்று நாளைக்குப் பிள்ளைகள் கேட்கும், உன் அப்பா பெயர் கெட்டுப்போகும் என்றுதான் நாங்கள் வேண்டாம் என்றோம் என்றார் மாமா. அக்காவையும் யாரும் எதுவும் சொல்லவில்லையாம். டீச்சருக்குச் சங்கடம் என்று தெரிந்ததும் அக்காவாகவே வந்து விலகிக்கொண்டாராம்.

முதுகெலும்பு இல்லை என்று நான் வைத ஆட்கள் என் மானத்தைக் காப்பாற்றத்தான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெட்கத்தில் அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, என்னைப் பெண் பார்க்க வந்தபோதே தனக்குத் தெரியும் என்றார். இத்தனை வருடமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், நீ என்னைப் பேச விட்டாத்தானே என்கிறார். அன்று ராத்திரி அவருக்கு மோர்ச்சோறுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூட்டம் கலையும் முன்னால் எழுந்து நின்றேன். கோயிலைப் பூட்டியது என் அப்பா, அது எனக்கு இப்போதுதான் தெரியும், கமிட்டிக்காரர்களை வைததற்கு மன்னிப்புக் கேட்கிறேன், என் அப்பாவுக்காக உபதேசியார் பெயரை மறைக்க வேண்டாம், அந்த மூன்று வருடத்தையும் உள்ளபடி எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பின்பெஞ்சில் இருந்து எங்கள் தெரு வாழைமண்டிக்காரர் எழுந்தார். உங்கய்யா பூட்டுனாக சரி, ஆனா அந்தப் பூட்டக் குடுத்தது எங்க தாத்தா, அவுகளையும் சேத்துக்கங்க டீச்சர் என்றார். உடனே எதிர்த் தெருவிலிருந்து ஒருவர், சப்பரத்தை நடுவழியில் மறித்தது எங்க பெரியப்பா என்றார். ஆளாளுக்கு எழுந்து தங்கள் வீட்டுப் பங்கைச் சொல்ல, கோயிலே சிரிப்பில் குலுங்கியது. கல்வெட்டில் அவ்வளவு இடம் இல்லை என்று சாமியார் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்.

சாமியார் பெயர்களுக்கு நடுவே இப்போது அந்த வரி இருக்கிறது. மூன்று வருடம் பங்குத்தந்தை இல்லை, கோயில் பூட்டிக் கிடந்தது, வழிபாடு நடத்தியவர் உபதேசியார் என்று போட்டு, அவர் பெயரையும் மற்றப் பெயர்களின் அளவுக்கே வெட்டியிருக்கிறார்கள். திருவிழாக் கொடியேற்றத்தன்று சாயங்காலம் கல்வெட்டைத் திறந்தோம். கூட்டம் கொடிமரத்துப் பக்கம் போன பிறகு அக்கா கல்லுக்குக் கிட்டே போய், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். நான் அவர் பக்கத்தில் போய் நின்று, எங்கள் அப்பா பண்ணியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒனக்குத் தண்ணி ஊத்திட்டு எங்கய்யா வீட்டுக்கு நடந்து வந்தாக. உங்கய்யா பின்னாடியே வந்தாக, ஒரு வார்த்த பேசல. எங்க வாசல் வந்ததும் மடிய அவுத்துச் சாவிய எங்கய்யா கையில வச்சிட்டுத் திரும்பிப் போனாக. அவுக அழுதத நான் பாத்தேன். யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு எங்கய்யா சத்தியம் வாங்கிட்டாக. இப்பத்தான் ஒங்கிட்டச் சொல்றேன்.”

என் அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று அவருக்கும் சேர்த்து அழுதேன்.