கஸ்பார் அண்ணை நின்ற இடங்கள்

செய்தி வந்தபோது நான் வேலையில் இருந்தேன். டென்மார்க்கில், வைலே நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக இருக்கிறேன். ஒரு பெரியவருக்கு மத்தியானச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருக்கையில் சட்டைப்பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது, அடங்கியது, திரும்ப அதிர்ந்தது. தேவாலயக் குழுவில் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்தாக்கும் என்று விட்டுவிட்டேன். கரண்டியை வைத்துவிட்டுப் பார்த்தால் கஸ்பார் அண்ணையின் படம், கீழே இரண்டு மெழுகுதிரி. படத்தில் அவர் தன் காரில் சாய்ந்து நின்று சிரிக்கிறார். நான்கு நாளைக்கு முன்னர்தான் அந்தக் காரில் என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "அடுத்த சனியும் பத்து மணி, சுணங்காதையும்" என்று சொல்லிப் போனவர். நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், சின்னதாக்கிப் பார்த்தேன். பெரியவர் வாயைத் திறந்தபடி அடுத்த கரண்டிக்குக் காத்திருந்தார்.

அவர் இறந்தது கடைகளுக்குப் பக்கத்து வாகனத் தரிப்பிடத்தில், காருக்குள் இருந்தபடி. எஞ்சின் நிறுத்தியிருந்தது. வந்த நேரத்தைக் காட்டும் மணிக்கூட்டு அட்டை கண்ணாடிக்குப் பின்னால் ஒழுங்காக வைத்திருந்தது. ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக ஆட்கள் அவரைக் கடந்து வண்டில் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அது இங்கிலாந்துக் கார், ஸ்டியரிங் வலது பக்கம், இந்நாட்டுக் கார்களுக்கு இடது பக்கம். டென்மார்க்கில் காரின் வலது பக்கத்தில் இருக்கிற மனிதர், மனைவி கடையால் வருமட்டும் காத்திருக்கிற மனிதர்தானே. கடைசியில், நேரம் முடிந்துவிட்டதென்று தண்டம் எழுத வந்த பெண்தான் கண்ணாடியைத் தட்டினாளாம். அந்தத் தொழில் செய்கிற ஒவ்வொருவரோடும் எட்டு வருடமாக வாய்ச்சண்டை பிடித்தவரைக் கண்டுபிடித்தது அவர்களில் ஒருத்திதான்.

நம் தேவாலயத்தில் அவரை அறியாதவர்களுக்காக இரண்டு வரி. மன்னாரில் பிறந்தவர். இருபத்தைந்து வருடம் லண்டனில் பஸ் ஓட்டியவர். மகள் பக்கத்து ஊரான பிரெடெரிசியாவில் கலியாணம் செய்துகொள்ள, மனைவி மெற்றில்டா அக்காவையும் காரையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார். "இதை வித்துப்போட்டு இஞ்சத்தைக் கார் ஒண்டை வாங்குங்கோவன்" என்று அவருக்குச் சொல்லாதவர் நம்மில் யார்? "பழகின கையை என்ன செய்யிறது?" என்பார். டேனிஷ் இலக்கத்தகடு மாட்டினார், மற்றதெல்லாம் லண்டன்தான். சனிக்கிழமை காலையில் காரைக் கழுவித் துடைப்பது, கைபேசியில் கிரிக்கெட் ஓட்டங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது, பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுபோய் ஆற்றங்கரையில் குடிப்பது, கடைக்காரர்களுக்கு முறைப்பாடு எழுதுவது. அவருடைய பொழுதுபோக்குகள் இவ்வளவே.

அந்தக் காரில் எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. தரிப்பிடங்களில் சீட்டுத் தரும் இயந்திரம் இடது பக்கம்தான் நிற்கும். தனியே போனால் அவர் இறங்கி, காரைச் சுற்றி ஓடி, சீட்டை இழுத்துக்கொண்டு திரும்ப ஓடிவர வேண்டும், பின்னால் நிற்பவன் ஹோர்ன் அடிப்பான். நான் போனால் கையை நீட்டி எடுத்துக் கொடுப்பேன். அதைவிடப் பெரிய வேலை ஒன்றும் உண்டு. முன்னால் போகிற ட்ரக்டரை முந்த நினைத்தால் வலது பக்கம் இருக்கிற அவருக்கு எதிரே வருவது தெரியாது. "வருகுதோ?" என்பார். "ஒண்டுமில்லை அண்ணை, எடுங்கோ" என்றால் மறுபேச்சில்லாமல் எடுப்பார். "வருகுது, நில்லுங்கோ" என்றால் நிற்பார். லண்டனில் அத்தனை வருடம் பஸ் ஓட்டிய மனிதர் என் கண்ணை நம்பி வண்டியை வெளியே எடுத்ததை நினைத்து எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

அவருடைய முறைப்பாடுகளில் பேர்போனது, பின்னால் வருவதைப் பார்க்கிற பக்கக் கண்ணாடி. சாரதிப் பக்கக் கண்ணாடி வெடித்துவிட்டது. உதிரிப்பாகக் கடையில் கொடுத்தது இந்நாட்டுக் காரின் வலப்பக்கத்துக்கான கண்ணாடி. பூட்டினால் பூட்டுப்படும், ஆனால் கிட்ட வருவது தூரத்தில் வருவதுபோலத் தெரியும். மாற்றக் கேட்டார். திரும்பவும் அதே கண்ணாடி. கடைக்காரர் கணினியைக் காட்டி, சரியானதைத்தான் தந்திருக்கிறோம் என்றார். மூன்றாம் முறை அண்ணை அவரை மழைக்குள் கூட்டிவந்து தன் இருக்கையில் இருத்திவிட்டு, தான் காருக்குப் பின்னால் போய் நின்றார். "நான் எவ்வளவு தூரத்திலை நிக்கிறன்?" என்று ஆங்கிலத்தில் கத்தினார். அந்த மனிதர் பத்து மீற்றர் என்றார். அண்ணை நாலு எட்டில் வந்து அவருடைய தோளைத் தட்டினார். மூவருமே சிரித்துவிட்டோம். பிறகு மூன்று கிழமை காத்திருந்தோம். வந்த பெட்டியைப் பிரித்தால் அதே கண்ணாடி! அவர் ஆங்கிலத்தில் எழுத, நான் டேனிஷில் மாற்ற, நாலு கடிதம் போனது. "இதெல்லாம் ஏன் அண்ணை?" என்று ஒருநாள் அலுத்துக்கொண்டேன். "நான் பேசாமல் வந்தால் நாளைக்கு இன்னொருத்தனுக்கும் இதைத்தான் குடுப்பாங்கள்" என்றார்.

சனிக்கிழமைகளில் வைலே ஆற்றங்கரையால் மேற்கே, பறவை பார்க்கிற மரக்குடில் வரை நடப்போம். வழியில் ஒரு மரப்பாலம். அங்கே வந்ததும் அண்ணை நிற்பார். இரண்டு கையாலும் கைப்பிடிக் கிராதியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்ப்பார். பிறகு கண்ணாடிக் கதையைத் தொடங்குவார். நடந்துகொண்டே சொல்லுங்கோ என்றால் கேட்கமாட்டார். "நடந்துகொண்டு கோவிக்க ஏலாது தம்பி. கோவத்துக்கு நிக்கவேணும்." நான் இந்த வசனத்தை வீட்டிலும் வேலையிலும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இளவேனிலில் பாலத்தில் மட்டும் நின்றார். கோடையில் அதற்கு அப்பால் ஆட்கள் இளைப்பாறப் போட்டிருக்கிற வாங்கிலும் பெற்றோல் நிலையத்தைத் திட்ட ஒருதரம் நின்றார். இலை கொட்டும் காலத்தில் குடிலுக்குப் போய்ச் சேர நாலு இடத்தில் கோபம் வந்தது. "அண்ணை, உங்களுக்குக் கோவம் கூடிக்கொண்டே போகுது" என்றேன். "நாடு அப்பிடி" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார். குளிர் காற்று அடித்துக்கொண்டிருந்தது, அவருக்கு வியர்த்திருந்தது.

அடக்கம் முடிந்து மண்டபத்தில் கோப்பி குடித்துக்கொண்டு நின்றபோது மெற்றில்டா அக்கா வந்து என் இரண்டு கையையும் பிடித்தார்.

"தம்பி, உங்கட முழங்கால் இப்ப எப்பிடி?"

"எந்த முழங்கால், அக்கா?"

"சனிக்கிழமையிலை சுணங்கி வந்தால் சொல்லுவார், பாவம் அந்தத் தம்பிக்கு முழங்கால் ஏலாது, அதாலை நிண்டு நிண்டுதான் வாறம் எண்டு. நான் ஒவ்வொரு நாளும் செபமாலையிலை உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்லுறனான்."

என் முழங்காலில் ஒரு குறையும் இல்லை. "பரவாயில்லை அக்கா" என்றேன். கோப்பிக் கோப்பையை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சப்பாத்துக்கூடக் கழற்றாமல் வாசற்படிக்கட்டில் இருந்துவிட்டேன். எங்கள் இல்லத்தில் யார் தாழ்வாரத்தில் நடக்கும்போது எத்தனை தரம் நிற்கிறார்கள், சுவரைப் பிடிக்கிறார்களா, வியர்க்கிறதா என்று பார்த்துக் குறிப்பெழுதுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அதைச் சரியாகச் செய்கிறவன் என்ற பெயரும் எனக்கு உண்டு. சனிக்கிழமையில் அதே கண்களோடு பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஒரு கிழமை பொறுத்து அக்காவிடம் போய் உள்ளதைச் சொன்னேன்: நின்று நின்று வந்தது நானல்ல, அவர்தான்.

"டொக்டரிட்டைப் போங்கோ எண்டால், லைசன்ஸிலை கை வைச்சிடுவாங்கள் எண்டுவார். கண்பார்வையைச் சொல்லுறார் எண்டு நான் நினைச்சன்" என்றார். பிறகு, "எனக்கு உங்கட முழங்கால் எண்டு சொன்னார். உங்களுக்கு என்ன சொன்னவர்?" என்று கேட்டார்.

"கண்ணாடிக் கதைதான், அக்கா."

அவர் சிரிக்கத் தொடங்கி அழுகையில் முடித்தார். "ஒரு வருசமாய்ப் பிழையான ஆளுக்கு மன்றாடியிருக்கிறன், தம்பி" என்றார்.

இதை அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எல்லாருக்கும் சொல்லும்" என்றார். காரை மகள் விற்கப்போகிறாள், இடது பக்க இருக்கை இனி எனக்கில்லை. கண்ணாடிக்காரர்களின் பதில் போன கிழமை வந்தது, சரியான கண்ணாடி அனுப்புகிறார்களாம். எனக்கென்று அவர் விட்டுப்போனது இல்லாத ஒரு முழங்கால் வருத்தமும், காருக்குள் எத்தனையோ தரம் சொல்லிவிட்டு ஆற்றங்கரையில் ஒருதரமும் சொல்லாமல் விட்ட அந்தச் சொல்லும்தான்: வருகுது, நில்லுங்கோ.

போன சனிக்கிழமை நம் பாடகர் குழுவில் ஒருவரோடு அதே பாதையால் நடந்தேன். பெயர் வேண்டாம், உங்கள் எல்லோருக்கும் தெரிந்தவர். பாலத்தில் நின்றார், கிராதியைப் பிடித்தார், கடைகளில் நாமே விலை அடித்துக்கொள்ளும் அந்த இயந்திரத்தைத் திட்டத் தொடங்கினார். பாதியில் மறித்துக் கேட்டேன்.

"அண்ணை, இது கோவமோ, மூச்சோ?"

அவர் தண்ணீரைப் பார்த்தார். "கொஞ்சம் மூச்சுத்தான். வீட்டிலை சொல்லாதையும்" என்றார்.

அன்று பின்னேரமே போய்ச் சொன்னேன். திங்கட்கிழமை அவரை டொக்டரிடம் கூட்டிப்போனார்கள். இப்போது அவர் என்னோடு கதைப்பதில்லை. கோவிக்கட்டும்.