பிரிஜெட் படித்த பிளக்குகள்

பொம்மசந்திராவில் ஒரு ஸ்பார்க் பிளக் தொழிற்சாலை இருந்தது. அதன் புகார்ப் பிரிவில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர் பிரிஜெட். கெட்டுப்போனவை என்று கடைக்காரர்கள் திருப்பி அனுப்பும் பிளக்குகள் அட்டைப் பெட்டிகளில் வந்து இறங்கும். லேத்தில் வைத்து இரும்பு உறையை வெட்டியெடுத்து, உள்ளேயிருக்கும் வெள்ளைப் பீங்கானை உருப்பெருக்கியில் பார்த்து, ஏன் கெட்டது என்று படிவத்தில் ஒரே வரி எழுத வேண்டும். பெரும்பாலும் பிளக்கின் மேல் தப்பு இருக்காது, எஞ்சினில்தான் இருக்கும். கண்ணால் பார்த்தேயிராத எஞ்சின்களின் வியாதியை பிரிஜெட் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது அவருக்கு.

2001-இல் அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். அப்போது அவருக்கு நாற்பத்து மூன்று வயது. ஜோகுபாளையத்தில் வீட்டுக்கு நாலு கடை தள்ளி ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

அதே தெருவின் கோடியில் அசோகனின் மெக்கானிக் ஷெட். அவனுக்கு அப்போது ஹரிஷ்குமார் என்ற வாடிக்கையாளரால் தூக்கம் போயிருந்தது. ஈரோட்டிலிருந்து சாஃப்ட்வேர் வேலைக்கு வந்தவர். பழைய எஸ்டீம் கார் ஒன்றை வாங்கி, நேர்கோட்டுப் பந்தயத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். டிக்கியில் நைட்ரஸ் சிலிண்டர். பொத்தானை அழுத்தினால் அந்த வாயு எஞ்சினுக்குள் பாயும். அதிலுள்ள ஆக்சிஜனால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம், சில விநாடிகளுக்கு எஞ்சினுக்குப் பேய்ப் பலம் வரும். கணக்குத் தப்பினால் பிஸ்டன் உருகிவிடும். ஹரிஷின் காரில் இரண்டு முறை உருகியிருந்தது.

2003 ஜனவரியில் ஒரு நாள் அசோகன் அந்த நைட்ரஸ் சிலிண்டரோடு கொடுத்திருந்த குறிப்புகளை நகலெடுக்க ஜெராக்ஸ் கடைக்கு வந்தான். ஹரிஷின் காரிலிருந்து கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருந்த நான்கு பிளக்குகளை மேசைமேல் வைத்துவிட்டுக் காகிதங்களைப் பிரித்தான். பிரிஜெட் ஒரு பிளக்கை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். கைப்பையிலிருந்து தன் பழைய உருப்பெருக்கியை எடுத்தார்.

பெட்ரோல் போதாமல்தான் பிஸ்டன் வெந்தது என்று அசோகன் சொன்னான். அதற்காகப் பெட்ரோல் வரும் துவாரத்தை இரண்டு முறை பெரிதாக்கியும் பார்த்துவிட்டானாம்.

"பெட்ரோல் தாராளமா போயிருக்குது அசோகா. பீங்கானோட அடியில பாரு, கரி வளையம் கட்டிக்கினு இருக்குது," என்றார் பிரிஜெட். "மேல மொளகுத்தூள் மாதிரி கறுப்புப் புள்ளி, நடுவுல வெள்ளி மணி. அது உன் பிஸ்டனோட அலுமினியம். எஞ்சின் உள்ளுக்குள்ள தட்டியிருக்குது. டைமிங் எவ்ளோ வெச்சிருக்கே?"

பொறி விழும் அந்த நேரத்தை அசோகன் மாற்றாமல் பழையபடியே வைத்திருந்தான். வாயு சேர்ந்தால் நெருப்பு வேகமாகப் பரவும், அதனால் பொறி சற்றுத் தாமதமாக விழ வேண்டும். பிளக்கின் முனையில் வளைந்து நிற்கும் கம்பியை பிரிஜெட் காட்டினார். சூட்டில் நிறம் மாறிய கோடு வளைவோடு நின்றிருக்க வேண்டும், ஆனால் அடிவரைக்கும் இறங்கியிருந்தது. பொறி சீக்கிரமே விழுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஹரிஷுக்கு இதில் நம்பிக்கை வரவில்லை. பிளக் பழுப்பு நிறத்தில் இருந்தால் எல்லாம் சரி என்று இன்டர்நெட்டில் படித்திருந்தார், அவருடைய பிளக்குகளும் பழுப்பாகத்தான் இருந்தன. மறுநாள் ஷெட்டுக்கு பிரிஜெட்டை வரவழைத்து அதையே கேட்டார். பந்தய தூரம் ஓடியபின் எஞ்சினை எங்கே நிறுத்தினீர்கள் என்று பிரிஜெட் திருப்பிக் கேட்டார். திரும்பி ஓட்டிவந்து ஷெட்டில்தான் என்றார் ஹரிஷ்.

"அப்ப இந்த நெறம் நீங்க திரும்பி வந்த கதையத்தான் சொல்லுது சார். ஓடின கதை இதுல இல்ல."

புது பிளக் மாட்டி, முழு வேகத்தில் ஓடி, கோட்டைத் தாண்டியதுமே எஞ்சினை அணைத்து கிளட்சை மிதித்துவிட வேண்டும். கார் தானாக உருண்டு நிற்க வேண்டும். அங்கேயே பிளக்கைக் கழற்ற வேண்டும். இதுதான் அவர் போட்ட நிபந்தனை.

ஊருக்கு வெளியே ஒரு தனியார் விமான ஓடுபாதையில் அனுமதி வாங்கினார்கள். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் காலைப் பூசை முடிந்ததும் பிரிஜெட் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அங்கே போய்விடுவார். கார் நின்ற இடம்வரை நடந்து போய் வெயிலில் முட்டி போட்டு ஒவ்வொரு பிளக்காகப் பார்ப்பார். இரண்டு டிகிரி தாமதம், பிறகு இன்னும் இரண்டு. சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்தும் பிளக்குகள். அசோகன் பெரிதாக்கிய துவாரத்துக்குப் பதிலாகப் பழைய அளவு. நான்காவது ஞாயிறு அசோகனின் ஷெட்டில் பிளக்குகளை வெட்டிப் பார்த்தபோது கம்பிக் கோடு வளைவில் நின்றது, பீங்கான் சுத்தமாக இருந்தது. அன்று எடுத்த நேரம், அதுவரை அந்தக் கார் ஓடிய எதையும்விட அரை விநாடி குறைவு. ஹரிஷ் அதற்குப் பிறகு அவரை மேடம் என்பதை விட்டு அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்.

பந்தயம் 2004 பிப்ரவரியில் நடந்தது. கார்கள் நிற்கும் பகுதிக்குள் விடாமல் காவலாளி பிரிஜெட்டைப் பார்வையாளர் பக்கம் போகச் சொன்னார். அசோகன் ஓடிவந்து அழைத்துப்போனான். அரையிறுதியில் ஹரிஷ் ஜெயித்தார். இறுதிச் சுற்றுக்கு இருபது நிமிஷம் இருந்தது. பிளக்குகளைப் பார்த்த பிரிஜெட் மூன்றாவது சிலிண்டருடையதை மட்டும் கீழே வைக்கவில்லை. மறுபடி மறுபடி திருப்பிப் பார்த்தார். பீங்கானில் ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளிகள், நாலைந்துதான். மற்ற மூன்றிலும் ஒன்றுகூட இல்லை.

மூன்றாவதுக்கு மட்டும் பெட்ரோல் குறைகிறது, இதே மாதிரி ஓடினால் பிஸ்டன் தாங்காது என்றார். காரணத்தைத் தேட நேரமில்லை. டைமிங்கை இன்னும் மூன்று டிகிரி தள்ளினால் எஞ்சின் பிழைக்கும். ஆனால் காரின் வேகம் குறையும்.

ஹரிஷ் எதிர்த்தரப்புக் காரைப் பார்த்தார். "இதோட முடிஞ்சிருதுங்க அக்கா. ஒரே ஓட்டம். தாங்காதுங்களா?"

"தாங்கலாம். ஆனா எனக்குத் தெரிஞ்சத மறைச்சுட்டு தாங்கும்னு சொல்ல மாட்டேன்," என்றார் பிரிஜெட். "வண்டி உங்களுது. முடிவு நீங்க எடுங்க."

 ஹரிஷ் அசோகனிடம் டைமிங்கைத் தள்ளச் சொன்னார்.

கார் மூக்களவு வித்தியாசத்தில் தோற்றது.  பிரிஜெட் ஹரிஷுக்கு ஆறுதல் சொல்ல முயலவில்லை. தன் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். வீட்டில் சாப்பிடப் பிடிக்கவில்லை என்று அவர் பிற்பாடு சொன்னார். சொன்னது தப்பாக இருந்துவிட்டால் ஒரு மனிதனின் வெற்றியைக் கெடுத்தவளாகிவிடுவேனே என்ற பயம்.

செவ்வாய்க்கிழமை அசோகன் எஞ்சினைப் பிரித்தான். மூன்றாவது சிலிண்டருக்குப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர் பாதி அடைத்திருந்தது. பிஸ்டனின் விளிம்பு மணல் கொத்தியதைப்போலப் பொரிய ஆரம்பித்திருந்தது, ஆனால் உடையவில்லை. மாலையே ஹரிஷ் அந்தப் பிஸ்டனைக் கையில் எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். வரிசையில் இரண்டு கல்லூரிப் பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் போகும்வரை காத்திருந்து, பிஸ்டனை மேசைமேல் வைத்தார். பிரிஜெட் அந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். பதினெட்டு வருஷத்தில் அவர் எழுதிய வரி சரியா தப்பா என்று யாரும் வந்து காட்டியதேயில்லை. இதுதான் முதல் தடவை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.

அதன்பிறகு மற்ற பந்தயக்காரர்களும் தேடிவர ஆரம்பித்தார்கள். மறு வருஷம் அசோகன் ஷெட்டில் ஜன்னலோரம் ஒரு மேசையும் சின்ன லேத்தும் போட்டுக் கொடுத்தான். பிரிஜெட் ஜெராக்ஸ் கடையை விட்டுவிட்டு அங்கே வேலைக்கு வந்தார். ஒருமுறை சந்தாபுராவிலிருந்து பைக் பந்தயக்காரர் ஒருவர் கொடுத்த பிளக்கை அவர் தப்பாகப் படித்துவிட்டார். இரண்டு நாள் கழித்துத் தூங்கி எழுந்தபோதுதான் அது உறைத்திருக்கிறது. போன் பண்ணியிருக்கலாம். ஆனால் இரண்டு பஸ் மாறி அந்தப் பந்தயக்காரரின் வீட்டுக்கே போய், நான் சொன்னது தப்பு, அந்தப் பெட்ரோல் ஜெட்டை மாற்றாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்.

2006-இல் கோயம்புத்தூர் அணி ஒன்று அவரை மூன்று நாள் பந்தயத்துக்கு அழைத்தது. கழுத்தில் தொங்கவிட்ட அட்டையில் அவர் பெயருக்குக் கீழே 'எஞ்சின் டியூனர்' என்று அச்சடித்திருந்தார்கள். ரயிலில் திரும்பி வரும்போதும் அவர் அதைக் கழற்றவில்லை.