அலமாரியில் இரண்டு டின்கள்

சித்தூரில் எங்கள் மாம்பழக்கூழ் ஆலையின் விருந்தினர் அறை அலமாரியில் இரண்டு டின்கள் பக்கம்பக்கமாக இருக்கும். ஒன்றில் ரஷ்ய லேபிள், மற்றதில் ஐரோப்பியக் கம்பெனி லேபிள். எங்கள் பழைய மேனேஜர் அவற்றைத் தம் கையாலேயே துடைத்து, லேபிள் தெரியத் திருப்பி வைப்பார். ரஷ்யா போரில் இறங்கிய வருஷம் ஐரோப்பாவிலிருந்து கூழ் வாங்க வந்தவர், ரஷ்ய டின்னைப் பார்த்து முகம் சுளித்தார். அதை எடுத்துவிடக் கூடாதா என்றார். போர் தப்புதான் என்று மேனேஜர் நேராகவே சொன்னார். ஆனால் யாருக்கு விற்பது என்பதை நாங்கள்தான் முடிவு செய்வோம் என்றும் சொல்லிவிட்டு, ஸ்பூனில் கூழை எடுத்து நீட்டினார். வந்தவர் ருசி பார்த்தார். நல்ல விலைக்கே வாங்கிப் போனார்.

அப்போது மேனேஜரிடம் வேலை கற்றுக்கொண்டிருந்த நான், ஆர்டர் கைவிட்டுப் போயிருக்குமே என்று ஓரமாக நின்றேன். "இன்னாம்மா, பயந்துக்கினு நிக்கிற? தப்புன்னா தப்புன்னு சொல்லுவோம். ஆனா ஒருத்தன்கிட்டயே போய் ஒட்டிக்கினா, அப்புறம் அவன் வெச்சதுதான் ரேட்டு. நம்மள மாதிரி ஏழை தேசத்துக்கும் இதேதான்" என்றார். அணிசேராமை காலாவதியான சரக்கு என்று டிவியில் யாராவது அடித்துப் பேசினால் எனக்கு அந்த ஸ்பூன்தான் ஞாபகம் வரும். ஞாபகம் வந்து என்ன பிரயோசனம்?

இப்போது அவருடைய நாற்காலியில் நான் இருக்கிறேன். இந்த சீசனில் அதே ஐரோப்பியர் வருகிறார் என்றதும், யாரும் கேட்காமலேயே ரஷ்ய ஆர்டரை வேண்டாமென்று எழுதிவிட்டேன். டின்னையும் மேசைக்கு அடியில் தள்ளினேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு எனக்கு. அவர் அலமாரியின் காலி இடத்தைப் பார்த்தார். ரஷ்யர்களுக்கு விற்பதை நிறுத்திவிட்டோம் என்று நானே பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்தார், அப்புறம் விலையைக் குறைத்தார். போக வேறு இடமில்லாமல் கையெழுத்துப் போட்டேன்; விவசாயிகளுக்குக் கொடுக்கும் காய் விலையையும் குறைத்தேன். கேட் வாசலில் தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக நின்றன. "இந்த ரேட்டுக்குப் பறிச்ச கூலி கூட வராதேம்மா. எங்க நைனா காலத்துலேர்ந்து உங்களுக்குத்தானே காய் போடறோம்" என்றார் நகரியிலிருந்து வந்த விவசாயி. நான் போன் வந்ததுபோல் நடித்து உள்ளே போய்விட்டேன். வெட்கக்கேடு.

போன ஞாயிற்றுக்கிழமை, திருப்பதியில் மகள் வீட்டில் இருக்கும் மேனேஜரைப் பார்க்கப் போனேன். காபி வருவதற்குள்ளேயே, "டின்னு ரெண்டும் இருக்குதா?" என்று கேட்டார்.

"இருக்குது சார்."

"தூசு படியாம பாத்துக்கோம்மா" என்றார், சந்தோஷமாக.

மறுநாள் வேலைக்குப் போனதும் முதல் காரியமாக மேசைக்கு அடியில் கிடந்த டின்னை எடுத்தேன். துடைத்து, லேபிள் தெரியத் திருப்பி, பழைய இடத்திலேயே வைத்தேன். அந்த லேபிள்காரர்கள் இந்த வருஷக் கூழை வேறு ஊரில் வாங்கிவிட்டார்கள்.