அம்மாவுக்கு ஆறு பார்க்க ஆசை

லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர்கள் ஒன்றுகூடினால் லாரி ஓட்டியதைப் பற்றி மட்டும் பேசமாட்டார்கள். எந்த மரத்தடியில் படுத்தோம், எந்தக் கடையில் பரோட்டா மெத்தென்று இருந்தது, எந்த ஆற்றில் குளித்தபோது யாருடைய கைலியைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது, இதுதான் பேச்சு. ஞாயிற்றுக்கிழமைகளில் மலாக்கா பக்கம் ஜாசினில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அப்பாவின் பழைய கூட்டாளிகள் இரண்டு பேர் வருவார்கள். ஒருவருக்கு முட்டிவலி, மற்றவருக்குச் சர்க்கரை. மூவரும் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பொழுது போவது தெரியாது. அவர்கள் பேசுவதைக் கேட்டால் இந்த நாட்டில் யாரும் சுமையே ஏற்றியதில்லை, செங்கல்லும் சிமெண்டும் தாமாகவே நடந்து ஊர் போய்ச் சேர்ந்தன என்றுதான் தோன்றும். அம்மா தேநீர் கொண்டுவந்து வைப்பாள். வைத்துவிட்டு உடனே உள்ளே போகமாட்டாள். கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள்.

அவர்கள் பேச்சில் வரும் இடங்களில் ஒன்றில் நானும் இருந்திருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது, பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாளில் எங்கள் வீடு செலண்டாருக்குப் பக்கத்தில் எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் ஒரு தோட்டத்தில் இருந்தது. அம்மா தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கினாள். அப்பா ஊர் ஊராக லாரி ஓட்டினார். வாரத்தில் ஒருமுறை, சில சமயம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். வந்ததும் குளிப்பார், சாப்பிடுவார், படுத்துவிடுவார். அதன்பிறகு வீட்டில் நோயாளி இருப்பதுபோல நாங்கள் நடமாட வேண்டும். தொலைக்காட்சியில் படம் ஓடும், சத்தம் இருக்காது. தம்பி சிரித்தால் அம்மா அவன் வாயைப் பொத்துவாள். எழுந்ததும் அப்பா என்னிடம் "படிச்சியா?" என்று கேட்பார். "படிச்சேன்பா" என்பேன். அதோடு அந்த வாரத்துப் பேச்சு முடிந்தது. உண்மையைச் சொன்னால் அப்பாவைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரிந்தது அவர் தூங்கும் விதம்தான். வலது கையை நெற்றியின் மேல் போட்டுக்கொண்டு, கால்கள் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கத் தூங்குவார்.

"பாவம், ரோட்டுல வெயிலுலயும் மழையிலயும் கெடந்து கஷ்டப்படுறாரு" என்று அம்மா அடிக்கடி சொல்வாள். மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு அப்பாவுக்கு. மின்விசிறி அப்பாவின் பக்கம்தான் திரும்பியிருக்கும். எனக்கும் அப்பா மேல் பாவமாகவே இருந்தது.

அந்த ஆண்டு நடுவில் வந்த பள்ளி விடுமுறையில் தம்பிக்கு அம்மை போட்டது. நிலையில் வேப்பிலை செருகி, அம்மா வேலைக்குப் போகாமல் அவன் பக்கத்திலேயே இருந்தாள். எனக்கு அதுவரை அம்மை வந்ததில்லை. எனக்கும் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று அவளுக்குப் பயம். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் விடலாம் என்றால், அவர் அலோர் காஜாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வர இரண்டு மூன்று நாள் ஆகும்.

"என்கூட வரட்டும்" என்றார் அப்பா.

"பொம்பளப் புள்ளய லாரியிலயா?"

"குவாந்தான் வரைக்கும்தான் லா. செங்கல்ல எறக்கிட்டு வந்துரப்போறேன். பெரியம்மா வந்ததும் அவங்க வீட்டுல விட்டுக்கலாம்."

அம்மாவுக்கு வேறு வழி தெரியவில்லை. என் தலையில் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிவிட்டாள். நெற்றியில் திருநீறு பூசினாள். "அப்பாவ நைநைன்னு தொந்தரவு பண்ணாத. அவரே அங்க சோறு தண்ணி இல்லாம கெடப்பாரு" என்றாள். அப்பா படும் கஷ்டத்தை நேரில் பார்க்கப் போகும் துக்கத்தோடு நான் லாரியில் ஏறினேன்.

செகாமட் தாண்டும்வரை அப்பா வீட்டில் இருக்கும் அப்பாவாகத்தான் இருந்தார். அதன்பிறகு ரோட்டில் வண்டிகள் குறைந்தன. இரண்டு பக்கமும் காடு வந்தது. அப்பா ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு மெல்லச் சீட்டி அடிக்க ஆரம்பித்தார். எதிரே வந்த லாரிக்காரர் விளக்கைச் சிமிட்டினார். அப்பாவும் சிமிட்டினார். "யாருப்பா அது?" என்று கேட்டேன். "தெரியல" என்று சிரித்தார். தெரியாத ஒருவரைப் பார்த்து அப்பா சிரிப்பார் என்பது எனக்குப் புதிய செய்தி.

செங்கல் இறக்கவேண்டிய இடத்தில் முந்தின நாள் பெய்த மழையில் எல்லாம் சேறாகிக் கிடந்தது. லாரி உள்ளே போனால் சக்கரம் புதைந்துவிடும், நாளைச் சாயங்காலம் வாருங்கள் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். ஒருநாள் பிழைப்பு போயிற்றே என்று வருத்தப்படுவார் என்று நினைத்தேன். அப்பா வண்டியைத் திருப்பும்போதே சீட்டியை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

கொஞ்ச தூரத்தில் ஆற்றோரமாக ஒரு பெரிய வெட்டவெளி இருந்தது. காத்திருக்கும் லாரிகள் அங்கேதான் நிற்கும். எங்களுக்கு முன்னால் இரண்டு லாரிகள் வந்துவிட்டிருந்தன. ஒன்று, பெரிய மீசை வைத்த ஒரு மாமாவுடையது. இன்று முட்டிவலியோடு எங்கள் வீட்டுக்கு வருபவர் அவர்தான். இன்னொன்று, எல்லோரும் பாக்சிக் என்று கூப்பிடும் ஒரு மலாய்க்காரப் பெரியவருடையது. அவர் வந்ததும் வராததுமாகத் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யாரு லா இது, புது டிரைவரா?" என்று மீசை மாமா என்னைத் தூக்கி இறக்கினார்.

"பெரிய முதலாளி. செக் பண்ண வந்திருக்காங்க" என்றார் அப்பா. அப்பா கேலி பேசுவார் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அதன்பிறகு நான் பார்த்ததையெல்லாம் நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது. லாரியின் பக்கவாட்டில் ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. அதற்குள் ஸ்பேனரும் சங்கிலியும்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்பா அதைத் திறந்து சின்ன அடுப்பு, சட்டி, பால்மாவு டின்னில் போட்டுவைத்த மசாலா, வெங்காயம் என்று ஒன்றொன்றாக எடுத்து வெளியே வைத்தார். வீட்டில் தண்ணீரைக்கூட அம்மாதான் ஊற்றிக் கொடுப்பாள். இங்கே அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்து, காகிதம்போல மெல்லியதாக வெங்காயம் நறுக்கினார். பாக்சிக் பிடித்துக்கொடுத்த இரண்டு மீனைக் கழுவி, புளி கரைத்து, குழம்பு கொதிக்கும்போது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார்.

"என்ன குறையுது?" என்றார் மீசை மாமா.

"ஆளு இருக்கு, உப்புதான் குறையுது."

மூவரும் எதற்காக அப்படி விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் லாரிக்கு அடியில் தூளி கட்டினார்கள். மீசை வைத்த பெரிய ஆள்கள் கைக்குழந்தைகளைப்போலத் தூளிக்குள் படுத்து ஆடினார்கள். எனக்கும் ஒன்று கிடைத்தது. அப்பா தம் தூளியில் படுத்தபடி காலை நீட்டி என் தூளியை ஆட்டிவிட்டார். அப்புறம் ஆற்றில் குளித்தோம். அப்பா என்னை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தினார். அவர் முதுகு இவ்வளவு அகலம் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

வெயில் தாழ்ந்ததும் மீசை மாமா தண்ணீர் வாளியைக் கவிழ்த்து அப்பாவின் முன்னால் வைத்தார்.

"புள்ள இருக்கு லா, வேணாம்" என்றார் அப்பா.

"புள்ள இருந்தா என்னா? பாடு லா."

அப்பா வாளியில் விரல்களால் தட்டிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு பாடினார்.

அது ஏதோ பழைய சினிமாப் பாட்டு. சொற்கள் எனக்குப் பாதி விளங்கவில்லை. யாரையோ வரச்சொல்லிக் கூப்பிடுவதுபோல இருந்தது. அப்பாவின் தொண்டையிலிருந்து அப்படி ஒரு குரல் வருவதை வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாக்சிக் தூண்டிலை அப்படியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். "உங்கப்பா பாடுனா ரோட்டுல போற லாரியெல்லாம் நின்னுரும், தெரியுமா?" என்றார் மீசை மாமா. அதற்கேற்ப ஒரு லாரி வந்து நிற்கவும் செய்தது. அது டயர் பார்ப்பதற்காக நின்றது என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் சாயங்காலம் சேறு காயக் கூடாது என்று எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டேன். சேறு காய்ந்துவிட்டது.

திரும்பி வரும்போது அப்பாவைப் பாடச் சொன்னேன். செகாமட் வரை பாடினார். அங்கிருந்து சீட்டி மட்டும் அடித்தார். ஜாசின் சந்தைக்கு எதிரே வண்டியை நிறுத்தித் தம்பிக்கு இளநீர் வாங்கியபோது அதுவும் நின்றுவிட்டது.

"வீட்டுலயும் பாடுங்கப்பா."

"வீட்டுலயா?" அப்பா ஏதோ வேடிக்கையைக் கேட்டதுபோலச் சிரித்தார். "வீட்டுக்கு வந்தா தூக்கம்தாம்மா வருது."

பெரியம்மா அலோர் காஜாவிலிருந்து வந்துவிட்டிருந்தார். தம்பிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை நான் அவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. எங்கள் வீட்டு அறை ஜன்னலுக்கு வெளியே ஒரு கவிழ்த்த தகர டின் கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்தால் அம்மாவோடு பேசலாம். அம்மா உள்ளே தம்பிக்கு வேப்பிலையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"அப்பா ரொம்ப கஷ்டப்பட்டாரா?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

"இல்லம்மா! ஜாலியா இருந்துச்சு!" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். குழம்பு, தூளி, மீசை மாமா, அப்பாவின் முதுகு, பாட்டு. அம்மா விசிறுவதை நிறுத்தினாள்.

"பாடுனாரா? உங்கப்பாவா?"

"ஆமாம்மா. வாளியத் தட்டிக்கிட்டு."

"என்னா பாட்டு?"

எனக்குத் தெரிந்த ஒன்றரை வரியைப் பாடிக் காட்டினேன். மறுநாள் அவளே ஜன்னலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள். "அந்த ஆத்துக் கதைய இன்னொருவாட்டி சொல்லு" என்றாள். சொன்னேன். அதற்கு மறுநாளும் கேட்டாள். சிரித்தபோது அப்பா எப்படிச் சிரித்தார் என்று கேட்டாள். பாடும்போது கண்ணை மூடியிருந்தாரா, திறந்திருந்தாரா என்று கேட்டாள். நான் கதை சொல்வதில் பெரிய கெட்டிக்காரி ஆகிவிட்டேன் என்று எனக்குப் பெருமை. ஆற்றில் இல்லாத மீனையெல்லாம் விட்டேன். குரங்குகளைக் கொண்டுவந்தேன். அம்மா குரங்குகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

தம்பிக்குக் குணமாகி, அப்பா அடுத்த நடை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, அம்மா சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "என்னையும் ஒருவாட்டி லாரியில கூட்டிட்டுப் போறீங்களா?"

அப்பா கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "உனக்கு என்னா பைத்தியமா? ரோட்டுல மனுசன் படுற பாடு உனக்குத் தெரியாது."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மாவுக்கு ஆறு பாக்கணுமாம்பா!" என்றேன்.

"ஆறுதானா? கடலயே காட்டுறேன் வா" என்றார் அப்பா.

சொன்னபடியே ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். பஸ் பிடித்து மலாக்கா போய், அங்கே இன்னொரு பஸ் மாறிப் போனோம். அம்மா தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு பூ வைத்திருந்தாள். புளிச்சோறு, அவித்த முட்டை, நெத்திலிச் சம்பல் எல்லாம் கட்டி எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. அவ்வளவு அழகாக இருந்தாள்.

கடற்கரையில் நல்ல கூட்டம். குடும்பங்கள், பட்டம், ஐஸ்கிரீம் வண்டி. நான் ஐஸ்கிரீம் வண்டிக்குப் பக்கத்தில் பாய் விரிக்கலாம் என்றேன். "வேணாம். ஆளு இல்லாத எடமாப் பாத்து உக்காருவோம்" என்று அம்மா எங்களை வெகுதூரம் நடக்கவைத்தாள். கடைசியில் ஒரு சவுக்கு மரத்தடிக்கு வந்து சேர்ந்தோம். அலைச் சத்தத்தைத் தவிர அங்கே வேறு ஒன்றும் இல்லை. அம்மாவுக்குக் கூட்டத்தைக் கண்டால் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். "நல்லா காத்து வருது லா" என்றார். அம்மா பாத்திரங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு, அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். "ஏதாவது பேசுங்களேன்" என்றாள்.

"என்னா பேசுறது?" என்று கேட்டபடி அப்பா பாயில் சாய்ந்தார். வலது கையை நெற்றிமேல் போட்டார். கால்கள் பாய்க்கு வெளியே மணலில் நீண்டன. கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது.

நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "வாம்மா, தண்ணிகிட்ட போவோம்."

"நீங்க போய் வெளயாடுங்க. நா இங்கருந்தே பாக்குறேன்."

தம்பியோடு ஓடினேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், அம்மா கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் முகத்தில் விழும் வெயிலைத் தன் முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டிருந்தாள். "அம்மா! அலையப் பாரு!" என்று கத்தினேன். அவசரமாக உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். பிறகு எனக்காக ஒருதரம் கழுத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்துவிட்டு மறுபடியும் திரும்பிக்கொண்டாள். இவ்வளவு பாடுபட்டு அழைத்து வந்திருக்கிறோம், இப்படிப் பண்ணுகிறாளே என்று எனக்குக் கோபமாக வந்தது.

வீடு திரும்பும் பஸ்ஸில் அப்பா தம்பியை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கடலு நல்லா இல்லயாம்மா?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் குரலில் சுரத்தே இல்லை. காரணம் எனக்குப் புரிந்துவிட்டது. அவள் காதருகே குனிந்து சமாதானம் சொன்னேன்: "கடலு அப்படித்தாம்மா, உப்புத் தண்ணி. ஆறுதான் நல்லா இருக்கும். அடுத்தவாட்டி அப்பாகிட்ட ஆத்துக்கே கூட்டிட்டுப் போகச் சொல்றேன்."

அம்மா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஆறு ஆறுதான், கடல் கடல்தான் என்று நினைத்தபடியே நான் தூங்கிப்போனேன்.