மாமனுக்குப் போட்ட பலகை

போன ஞாயிறு, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். எங்கள் வீட்டில் எல்லாம் சரியாக இருந்த கடைசி நிமிடம் அதுதான்.

மறுநாள் என் மகள் யாழினிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை தினேஷ் மலேசியாக்காரர். சிங்கப்பூரில் ஒரே ஆபீஸில் பழகி, இரண்டு வீட்டிலும் சம்மதம் வாங்கிய கதையை இந்தப் பக்கத்தில்தான் எழுதிப் புலம்பியிருக்கிறேன். அவருடைய தாத்தாவின் அப்பா நாகப்பட்டினத்தில் கப்பலேறி ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம்... அவ்வளவுதான் தெரியும்.

இட்லி சாப்பிட்டுக்கொண்டே தினேஷின் அப்பா சாதாரணமாகக் கேட்டார். “சம்பந்தி, குலசாமிக்கு ஒரு படையல் போட்டுட்டு நிச்சயம் பண்ணணும். இந்தப் பக்கம் ரெட்டைப்பனை முனியய்யா கோயில் எங்க இருக்கு?”

சாம்பார்க் கரண்டியோடு என் மனைவி அப்படியே நின்றாள்.

ரெட்டைப்பனை முனியய்யா ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, எங்கள் வயலை ஒட்டி இருக்கிறார். பனை இரண்டும் போய்விட்டன; பெயர் இருக்கிறது. அவர் எங்கள் குலதெய்வம். வேறு முனியய்யாவாக இருக்கக்கூடாதா? படையலை எதில் வைப்பீர்கள் என்று கேட்டேன். “பூவரசு இலைலதான்” என்றார். எனக்குத் தெரிந்து எங்கள் வகையறா மட்டும்தான் அப்படி வைக்கும்.

ஒரே குலதெய்வம் என்றால் பங்காளி. பங்காளி வீட்டுப் பிள்ளைகள் அண்ணன் தங்கை. கல்யாணம் எங்கே நடக்கும்?

இதை முன்பே கேட்டிருக்க வேண்டாமா? ஜாதகம் கேட்டோம், சம்பளம் கேட்டோம். கடல் கடந்து போனவர்களுக்குக் குலதெய்வம் எங்கே இருக்கப்போகிறது என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்!

அப்பா இருந்திருந்தால் கேட்டிருக்கலாம். பங்காளிகளுக்கெல்லாம் போன் போட்டேன். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஆனால் முறை தவறக்கூடாது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒரு சித்தப்பா, இனி மாப்பிள்ளையை மகனே என்று கூப்பிடு என்று கிண்டல் வேறு செய்தார்.

மத்தியானம் யாழினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. “அப்பா, நான் அவரை அண்ணன்னா கூப்பிடணும்?”

பந்தல்காரரை வேலையை நிறுத்தச் சொன்னேன்.

சாயங்காலம் திருச்சி விமான நிலையத்திலிருந்து ஒரு கார் வந்தது. வந்தவர் தினேஷின் அப்பாவுக்கு அத்தை, எண்பது வயதிருக்கும். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

“பங்காளியா? யாரு சொன்னது? எங்கப்பாவுக்குச் சின்ன வயசுலயே தாய் தகப்பன் இல்ல. என்ன சாமின்னே தெரியாது. கப்பல் ஏறுறப்ப எங்கம்மா செல்லாயி, தான் பொறந்த வீட்டுச் சாமியக் கூட்டிக்கிட்டுப் போச்சு. இது எங்க மாமன் வீட்டுச் சாமி.” தம்பி மகனைப் பார்த்தார். “ஏண்டா, காதுகுத்துல பலகை போடுவோமே, எதுக்குன்னு நெனச்ச?”

சாமிக்கு என்றுதான் நினைத்தாராம்.

சாமிக்கு இல்லை. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். செல்லாயியின் அண்ணன் இங்கே இருந்தார். வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லி அனுப்பியும் அவர் வரவில்லை. அதனால் அவர் உட்காருகிற இடத்தில் மணைப்பலகை போட்டு, அதன்மேல் ஒரு புது வேட்டியை மடித்து வைத்து, அதன் பக்கத்தில் பிள்ளையை உட்காரவைத்துக் காது குத்தியிருக்கிறாள். பிள்ளைகளுக்கு, அப்புறம் பேரப்பிள்ளைகளுக்கு. அவள் போன பிறகும் அந்த வீட்டில் பலகை போடுவது நிற்கவில்லை.

அந்த அண்ணன் பெயரைக் கேட்டேன். சொன்னார்.

என் தாத்தா.

தாத்தாவுக்கு ஒரு தங்கை இருந்ததே எனக்குத் தெரியாது. அப்பாகூடச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அவளுக்கு ஒரு பெயர்கூட மிஞ்சவில்லை; அவள் வீட்டில் எங்களுக்கு ஓர் இடம் இருந்திருக்கிறது... இத்தனை காலமும்.

அந்த அம்மா பையைத் திறந்து, மடிப்புக் கலையாத வேட்டி ஒன்றை எடுத்தார்.

“இது தினேஷு காதுகுத்துக்கு வச்சது. கோயில்ல வச்சுட்டுப் போலாம்னு கொண்டாந்தேன். நீங்க கட்டிக்கிட்டு வந்து உக்காருங்க தம்பி. பய வளந்துட்டான், மடி தாங்காது. பக்கத்துல உக்கார வச்சுக்குங்க. பொண்ணு கேக்குறதெல்லாம் அப்புறம்.”