பொட்டு வைத்த கேமராவும் அழிந்துபோன தேற்றமும்

கம்ப்யூட்டர் சொல்லித்தருகிற தொழிலில் மிகக் கஷ்டமான வேலை, கற்றுக்கொள்கிறவருக்குப் பக்கத்தில் நிற்கிற சொந்தக்காரரை அறையைவிட்டு வெளியே அனுப்புவது.

என் பெயர் மாலதி. காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் பல வருஷம் வேலை பார்த்தேன். தினசரி மின்சார ரயில் நெரிசல் அலுத்துப்போய் அதை விட்டுவிட்டு, இப்போது சிட்லபாக்கத்தில் வீட்டிலேயே பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். வர முடியாதவர்கள் வீட்டுக்கு ஸ்கூட்டரில் நானே போவேன். அப்பாவுக்கு ஃபோனில் படம் அனுப்பச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பிறகு மாடிக்குப் போய்த் தனியாக மூச்சு வாங்கியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம். எனக்கு அதுவே பிழைப்பு. அதிசயம் என்னவென்றால், எனக்கு இந்தப் பிழைப்பு பிடித்திருக்கிறது.

நெற்றி எது?

பாஸ்கரன் சார் ஏரிப் பக்கம் குடியிருக்கிறார். பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அதட்டினால் இன்றைக்கும் தெருவில் கார் ஹாரன் நின்றுவிடும். அப்படிப்பட்டவர் ஒருநாள் ஃபோனில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, லேப்டாப்பைக் கெடுத்துவிட்டேன், கொஞ்சம் வர முடியுமா என்றார். போய்ப் பார்த்தால் வீடியோவில் முகமே தெரியவில்லை. மஞ்சளாக ஒரு மூட்டம், அவ்வளவுதான். போன வாரம் மூடும்போது தெரியாத பட்டன் எதையோ அழுத்திவிட்டதாக ஒப்புக்கொண்டார். வாங்கிக் கொடுத்தது மெல்போர்னில் இருக்கும் மகள். அவளிடம் சொல்லப் பயந்து, நெட் சரியில்லை என்று சொல்லியே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

நானும் செட்டிங்ஸைத் திறந்து, தெரிந்தவள் மாதிரி இங்கும் அங்கும் தட்டிக்கொண்டிருந்தேன். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தபோதுதான் திரைக்கு மேலே கண் போனது. மேல் விளிம்பில், நட்ட நடுவில், கேமராவின் மேல் காய்ந்த சந்தனம். அதன்மேல் அழகாக ஒரு குங்குமப் பொட்டு. ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஈரத் துணியால் துடைத்தேன், சாரின் முகம் பளிச்சென்று வந்துவிட்டது. மிக்ஸி கெட்டால் மிக்ஸியைத் திட்டுகிறோம், கம்ப்யூட்டர் கெட்டால் நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். "அப்ப நான் பண்ணலையா?" என்று சார் ரெண்டு தடவை கேட்டார். அம்மா மட்டும் கொஞ்சமும் கலங்கவில்லை. "எதுக்கா இருந்தாலும் நெத்தியிலதானேம்மா பொட்டு வைக்கறது? ஸ்கூட்டருக்கு ஹெட்லைட்டுக்கு மேல வெச்சேன். இதுக்கு நெத்தி அங்கதானே வருது?"

ஜெபக் கூட்டம்

ஸ்டெல்லா டீச்சர் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவர். ஓய்வு பெற இன்னும் ரெண்டு வருஷம் இருக்கிறது. கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்குப் போனால் கரும்பலகையைக் காணோம். அந்த இடத்தில் சுவரளவு டிவி மாதிரி ஒரு டச் போர்டு. காலாண்டு விடுமுறை முடிந்ததும் தாளாளர் ஒவ்வொரு வகுப்பிலும் வந்து உட்கார்ந்து பார்ப்பார், போர்டைக் கையாளத் தெரியாதவர்களைப் பத்தாம் வகுப்பிலிருந்து எடுத்து நூலகத்தில் போட்டுவிடுவார் என்று சொல்லிவிட்டார்கள். நூலகம் என்றால் அந்தப் பள்ளியில் பூட்டிய ரெண்டு பீரோவும் ஒரு மேஜையும்தான். கணக்கு டீச்சராக வேலைக்கு வந்தேன், கணக்கு டீச்சராகவே போக வேண்டும், பீரோவுக்குக் காவலாகப் போகக் கூடாது என்று என்னிடம் நேராகவே சொன்னார். சொல்லும்போது கண் கலங்கியது. எனக்கும்தான்.

வீட்டில் மகன் இருக்கிறான், சாஃப்ட்வேர் கம்பெனியில் நல்ல வேலை. தங்கமான பையன்தான். ஆனால் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் ரெண்டாவது நிமிஷம் பெருமூச்சு விடுகிறான், மூன்றாவது நிமிஷம் மவுஸைப் பிடுங்கிக்கொள்கிறான். "இவ்ளோ ஈஸிம்மா" என்ற வார்த்தையைக் கேட்டாலே டீச்சருக்கு விரல் மரத்துப்போகிறதாம். ஈஸியானது தனக்கு வரவில்லை என்றால் தன்னை என்னவென்று நினைத்துக்கொள்வது? அதனால் மகனுக்குத் தெரியாமல் செவ்வாயும் வெள்ளியும் என்னிடம் வர ஆரம்பித்தார். வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருகிறீர்கள் என்று கேட்டேன். "ஜெபக் கூட்டம்னு சொல்லியிருக்கேன். பொய்யின்னு நினைக்காதே மாலதி. இங்க வந்தும் நான் அதைத்தான் பண்ணிட்டிருக்கேன்."

பொழிச்சலூர் பைப் கடை

ஏகாம்பரம் அண்ணன் குடும்பத்துக்குப் பொழிச்சலூரில் ஒரு காலத்தில் வயல். இப்போது அதே இடத்தில் வாடகை வீடுகளும், முன்னால் பைப்பும் குழாயும் விற்கிற ஒரு கடையும். மருமகள் கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்து, சரக்கை எல்லாம் இதில் ஏற்றிவிடுங்கள் மாமா என்று சொல்லிவிட்டாள். அண்ணன் மத்தியானம் முழுக்க ஒற்றை விரலால் தட்டுகிறார், சாயங்காலம் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. தலைக்கு மேலே பிளேன் இறங்குகிற நேரத்தில்தான் அழிந்துபோகிறது என்று அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். விமான நிலையத்துக்கு மனு கொடுக்கலாமா என்றுகூடக் கேட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முக்கால் இஞ்ச் பைப், ஒரு இஞ்ச் பைப், எல்போ என்று அழகாக ஏற்றினார். ஒரு எழுத்து பிசகவில்லை. கடைசியில் சேமிக்கட்டுமா, நிச்சயமா என்று கம்ப்யூட்டர் இங்கிலீஷில் கேட்டது. அண்ணன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். என்னை ஒரு தடவை பார்த்தார், திரையை ஒரு தடவை பார்த்தார், நிதானமாக 'நோ'வை அழுத்தினார். அர்த்தம் புரியாமல் செய்யவில்லை, மருமகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் செய்தாராம். ஏன் அண்ணா என்றேன். "பத்தரத்துல கையெழுத்து போடற நேரத்துல ஒருத்தன் வந்து 'நிச்சயமாத்தானா'ன்னு கேட்டான்னு வெச்சுக்கோ, அந்த எடத்துல இன்னாவோ வில்லங்கம் கீதுன்னு அர்த்தம்மா. அத்த வுட்டுட்டு நான் எப்பிடி எஸ் போடுவேன்?"

இடது கை

டீச்சருக்கு மவுஸ் வந்தது, கீபோர்டு வந்தது, பாடத்தை ஸ்லைடாகப் போடவும் வந்தது. ஆனால் பள்ளியில் போர்டு முன்னால் நின்றால் மட்டும் எழுதியது தானாக அழிகிறது என்றார். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கம்பெனி ஆளை வரவழைத்தார்களாம். அவன் எழுதிப் பார்த்தான், ஒன்றும் அழியவில்லை. மேடம், உங்களுக்குப் பயம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அதற்கப்புறம் டீச்சர், அந்த போர்டுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்றே முடிவு கட்டிவிட்டார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நிரூபணம் நிரூபணம் என்று சொல்லிக்கொடுக்கிறவர் இப்படிப் பேசுகிறாரே என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

கல்லூரியில் என் பழைய தோழி இன்னும் லேபில் இருக்கிறாள். அங்கேயும் அதே மாதிரி போர்டு உண்டு. ஒரு சனிக்கிழமை டீச்சரை ரயிலில் கூட்டிக்கொண்டு போய்க் காலி வகுப்பறையில் எழுதச் சொன்னேன். முக்கோணம் வரைந்தார், கொடுக்கப்பட்டது, நிரூபிக்க வேண்டியது என்று எழுதினார். நாலாவது வரிக்குக் குனிந்தார், மேலே ரெண்டு வரி போய்விட்டது. மறுபடி எழுதச் சொல்லிவிட்டு நான் போர்டைப் பார்க்காமல் டீச்சரைப் பார்த்தேன். கீழே எழுதக் குனியும்போது இடது உள்ளங்கையை மேலே ஊன்றிக்கொள்கிறார். கரும்பலகையில் எழுதிப் பழகிய டீச்சர்கள் எல்லாரும் செய்வதுதான். இந்த போர்டோ, உள்ளங்கை முழுசாகப் பட்டால் அதை டஸ்டர் என்று எடுத்துக்கொள்கிறது. கம்பெனி ஆள் ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு எழுதியிருப்பான், அவனுக்கு எப்படித் தெரியும்? இடது கையில் முந்தானையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். தேற்றம் முழுக்க அப்படியே நின்றது. டீச்சர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். "இத்தனை வருஷமா இந்தக் கை போர்டுலதான் இருந்திருக்கு. இப்ப இதை எங்க வெச்சுக்கறதுன்னே தெரியலை மாலதி."

என் வீட்டு வாஷிங் மெஷின்

எல்லாருக்கும் தைரியம் சொல்கிற என் கதையையும் கேளுங்கள். புதுசாக ஒரு வாஷிங் மெஷின் வாங்கினேன். அதை ஃபோனிலிருந்தே இயக்கலாமாம். முதல் நாளே அது ஒரு பாட்டுப் பாடிவிட்டு, ஏதோ ஓர் எண்ணைக் காட்டிவிட்டு, துணியை உள்ளே வைத்துக்கொண்டு கதவைத் திறக்க மாட்டேன் என்றது. கையைக் கட்டிக்கொண்டு நாலடி தள்ளி நின்றேன். கம்பெனியிலிருந்து வந்த தம்பி, சும்மா அழுத்துங்கள் மேடம், ஒண்ணும் ஆகாது என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஒண்ணும் ஆகாதா? ஏற்கெனவே ஆகித்தானே தம்பி உன்னைக் கூப்பிட்டிருக்கிறேன்!

அப்புறம்தான் உறைத்தது, ஒரு நாளைக்கு நாற்பது தடவை நான் மற்றவர்களுக்குச் சொல்கிற வார்த்தை அது. அன்றோடு அதை விட்டுவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை டீச்சரிடம், ஏதாவது ஆகத்தான் செய்யும், ஆனதைத் திருப்பிக்கொள்ளலாம் என்று சொல்லி, பின்னோக்கி வளைந்த அம்புக்குறியைக் காட்டிக்கொடுத்தேன். அவர் முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஒரு தெளிவு வந்தது. தம்பி என்னவோ நல்லவர்தான், போகும்போது எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுத்தான் போனார். "பயப்படாதீங்க மேடம், எங்க அம்மாவே இதை யூஸ் பண்றாங்க."

தாளாளர் வந்த நாள்

அந்த நாள் எனக்கு வேலையே ஓடவில்லை. சாயங்காலம் ஆட்டோ வந்து நின்றது. டீச்சர் பள்ளிக்கூடப் பையோடு நேராக என் வீட்டுக்கே வந்துவிட்டார். தண்ணீர் குடித்துவிட்டு நடந்ததைச் சொன்னார். தாளாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். விகிதசமத் தேற்றம். முந்தானையைப் பிடித்துக்கொண்டு டீச்சர் ஜோராக எழுதிக்கொண்டு போயிருக்கிறார். கடைசி ரெண்டு வரி. பாடம் நடத்துகிற உற்சாகத்தில் எல்லாம் மறந்துபோய், பழைய வழக்கப்படி முந்தானையை விட்டுவிட்டு இடது கையை நன்றாக ஊன்றிவிட்டார். முக்கோணத்தோடு சேர்ந்து பாதித் தேற்றம் போய்விட்டது. அம்புக்குறி எந்த மூலையில் இருக்கிறது என்பது சுத்தமாக ஞாபகம் வரவில்லையாம். பீரோதான் கண்ணுக்கு முன்னால் வந்ததாம்.

ஆனால் திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்ததும் குரல் தானாக வந்துவிட்டது. பார்த்தீர்களா, அழித்துவிட்டேன், இப்போது யார் வந்து மனசிலிருந்து எழுதுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். ஒரு பெண் எழுந்து வந்து முக்கோணத்தை வரைந்தாள், இன்னொருத்தி நிரூபணத்தைப் பிடித்துக்கொண்டாள், நடுவில் ஒரு வரி தப்பாகப் போக, கடைசி பெஞ்சிலிருந்து மூன்று பேர் ஒரே சமயத்தில் திருத்தினார்கள். மணி அடிக்கும்போது தேற்றம் முழுசாக போர்டில் நின்றது. பத்தாம் வகுப்பு டீச்சரிடமே இருக்கும் என்று தாளாளர் அங்கேயே சொல்லிவிட்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து கையெடுத்துக் கும்பிட்டாராம். மகனிடம் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டேன், நடந்ததை அப்படியே சொல்லப்போகிறேன் என்றார். அது கை தவறி அழிந்தது என்று தாளாளரிடம் சொன்னீர்களா என்றேன். டீச்சர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த காப்பி தளும்பியது. "'எழுதினதை அழிச்சுட்டுப் பிள்ளைங்களையே எழுத வைக்கறீங்களே, இந்த முறையை மத்த டீச்சர்களுக்கும் சொல்லிக்கொடுங்க'ன்னு சொல்லிட்டுப் போறார் மாலதி. தாளாளர் சொல்றதை நான் எப்படித் தப்புன்னு சொல்றது?"

இத்தனை வருஷத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: மெஷினுக்கு யாரும் பயப்படுவதில்லை, நாலு பேர் பார்க்கத் தப்புச் செய்வதற்குத்தான் எல்லாருக்கும் பயம், அது உலகத்தில் இருக்கிறவரை என் ஸ்கூட்டருக்கு ஓய்வில்லை.