மாமா முதுகைக் காட்டி நின்ற பந்தயம்

ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக ஓடுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. முன்னால் நடப்பது எதுவும் கண்ணுக்குத் தப்பாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், வட்டாரப் பள்ளிகளெல்லாம் நாகர்கோவிலில் கூடிய விளையாட்டு விழாவில், அத்தான் முதல் ஆளாகப் பாய்ந்ததை அந்த வசதியோடுதான் பார்த்தேன். எல்லைக் கயிறு எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்தபோது அவர் கை இடுப்புக்குப் போனது. மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து இறக்கிவிட்டார். அது காலில் சுற்ற, குப்புற விழுந்தார். ஆரல்வாய்மொழிப் பையன் தாண்டிப் போய்க் கயிற்றை அறுத்தான்.

கயிற்றுக்குப் பின்னால் என் தாய்மாமா, அதாவது அத்தானின் அப்பா, நின்றிருந்தார். வேறு காரணம் இல்லை. பெரியவர்களைக் கண்டால் மடித்த வேட்டியை இறக்கிவிடுவது எங்கள் பக்கத்தில் மூச்சுவிடுவதைப் போல. யோசித்துச் செய்கிற காரியமல்ல.

மாமா வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. கோட்டாற்று ஜவுளிக்கடையில் மகனை உட்கார்த்திவிடத் துடித்துக்கொண்டிருந்தவர் அவர். "செயிச்சா திருவனந்தபுரத்துல போய் ஓடு, மேல படி. தோத்தா திங்கக்கிழம கடைக்கு வந்திரணும்" என்று சொல்லியிருந்தார்.

எங்கள் தெருவில் அத்தானை மிஞ்ச ஆளில்லைதான். ஆனால் அதற்கு என்ன மதிப்பு? இரண்டாவதாக வருகிறவன் நானல்லவா? தேங்காய்ப்பட்டணத்து மணலில் ஓடிப் பழகியவனையும், ஆரல்வாய்மொழிக் காற்றை முட்டி ஓடிப் பழகியவனையும் விழாவுக்கு முந்தின வாரம் ஒத்திகைக்குப் பக்கத்தில் நிறுத்தியபோதுதான் தன் கால் என்ன கால் என்று அவருக்கே தெரிந்தது. தெரிந்தபின் நிம்மதி போயிற்று. சாப்பிட உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

திங்கட்கிழமை அத்தான் கடைக்குப் போய் நின்றார். வழக்கம்போல் நானும் பின்னால்.

"பள்ளிக்கூடம் கெடையாதாலே?" என்றார் மாமா.

"தோத்துட்டேனே அப்பா."

"ஓடுகவன் எதுக்குலே வேட்டிய எறக்குன?"

"நீங்க நின்னியளே."

மாமா ஒரே துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். "அப்பம் தோக்கடிச்சது நாந்தானே. போ, அடுத்த வருசம் பாப்போம்."

அடுத்த வருஷம் டிரில் வாத்தியார் நிக்கர் தைக்கச் சொன்னார். "தொடையக் காட்டிக்கிட்டா ஓடணும்? அதுக்கு அவன் விழுந்தே கெடக்கட்டு" என்று மாமா முடித்துவிட்டார்.

இப்போதெல்லாம் பையன்கள் நிக்கரில்தான் ஓடுகிறார்கள். அப்பாக்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கத்துகிறார்கள். நல்லதுதான். எனக்குத்தான் இந்த வயதிலும் பந்தயம் நடக்கும் இடத்தில் உட்கார முடிவதில்லை.

அந்த இரண்டாம் வருஷம் பள்ளிக்கூடம் இரக்கப்பட்டு என்னை ஓட்டத்தில் சேர்க்கவில்லை. எல்லைக் கயிற்றுக்குப் பின்னால் மாமாவோடு நின்றேன். விசில் ஊதப்போகும் நேரத்தில் அவர் மைதானத்துக்கு முதுகைக் காட்டி மதிலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"எவம்லே முன்னால?"

"தேங்காய்ப்பட்டணத்தான்."

"நம்மாளு?"

"ரெண்டாவது வாறாரு." மாமாவின் கழுத்து திரும்பப் பார்த்தது. "திரும்பாதிய மாமா, பக்கத்துல வந்தாச்சு."

மதிலில் ஊர்ந்த எறும்பு என்ன பாவம் செய்ததோ, அதை அப்படி முறைத்தார். கூட்டம் கத்தியது.

"செயிச்சாச்சு மாமா" என்றேன்.

அவர் அப்போதும் திரும்பவில்லை. "வேட்டிய எறக்கிட்டானா?" என்று கேட்டார்.

அத்தான் மூச்சிரைக்க இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார். "எறக்கியாச்சு" என்றேன்.

அதற்கப்புறம்தான் திரும்பினார்.